ஞானத்தாய் தங்கம்

மிக்கேல்விளைக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில், என் தங்கச்சி அமலோரின் மகள் ரெஜினாவின் பேருக்கு நேரே, ஞானத்தாய் என்ற கட்டத்துக்குள் தங்கம் என்று எழுதியிருக்கிறது. அந்தத் தங்கம் ஓர் எருமை, இடது கொம்பு கொஞ்சம் உள்வாங்கிய, பதினோரு வயதான கறவை எருமை. அந்தக் கட்டத்தில் இருந்திருக்க வேண்டிய பேர் செசீலி, அது நான். ஊரில் ஆளாளுக்கு ஒரு மாதிரி கதை விடுகிறார்கள், எருமை பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டது என்கிறார்கள், வாயிலிருந்து வெளிச்சம் வந்தது என்கிறார்கள், அதெல்லாம் சும்மா. அது தெற்கு வாசலில் தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது, ஒரே ஒரு சொல் சொன்னது, சொல்லிவிட்டுப் பழையபடி அசைபோட்டது. நான் நாலு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாதா?

மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் ஊரில் பெண்பிள்ளை பிறந்தால் ஞானத்தாய் மட்டும்தான். பிள்ளைத்தாய்ச்சி ஏழாம் மாதத்தில் ஒரு சீப்புப் பழத்தை எடுத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த ஒருத்தி வீட்டுக்குப் போவாள். அவள் அதில் ஒரு பழத்தை உரித்து இவள் கண் முன்னாலேயே தின்றுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அதற்குமேல் பேச்சே கிடையாது. பிறகு ஞானஸ்நானத்தன்று பெற்றவர்கள் பின்னால் தள்ளி நிற்க, சாமியார் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்விக்கு ஞானத்தாய்தான் பிள்ளையின் வாயாக இருந்து பதில் சொல்ல வேண்டும், சொல்லி முடித்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, எங்கேயும் இறக்காமல், தெரு வழியே வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அமலோர் பழத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். அவள் எங்கே போனாலும் கூடவே போகிற அவள் வீட்டுத் தங்கமும் வந்து, என் வாசலில் நின்றது. கல்யாணமாகிப் பத்து வருஷமாகப் பிள்ளை இல்லாதவள் நான், அந்தப் பழம் தொண்டையில் இறங்கிய ருசியை என்னால் சொல்ல முடியாது, தோலைத் தங்கத்துக்குப் போட்டேன், அது நாக்கை நீட்டி வாங்கித் தின்றது.

அடுத்த மாதமே ஊர்க்கட்டு வந்துவிட்டது. என் புருஷன் எஸ்தாக்கிதான் ஊர்த்தலைவர். கோயிலுக்குப் புதுக் கோபுரம் கட்ட வேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்து, அந்தச் செலவுக்காகக் குளத்துச் செம்மண்ணைத் தோண்டி விற்க ஏற்பாடாகி, லாரிகள் வந்து நாலு ஆள் ஆழத்துக்குக் குடைந்துகொண்டிருந்தபோது, அமலோரின் புருஷன் கிறிசாந்து தாலுகா ஆபீசில் போய் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டான். குளம் போய்விட்டால் ஆடு மாடு எங்கே போய்த் தண்ணீர் குடிக்கும், கொக்கும் ஆமையும் எங்கே போகும், அவற்றையும் படைத்தவர் கேட்டால் கோபுரத்தைக் காட்டவா முடியும் என்று அதில் எழுதியிருந்தானாம். லாரிகள் நின்றன. கோபுரமும் பாதியில் நின்றது. ஊர் கூடியது. அந்த வீட்டோடு யாரும் பேசக்கூடாது, அவர்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூடாது, கடையில் சாமான் கொடுக்கக்கூடாது, அவர்களுக்காக எவர் வாய் திறந்தாலும் அவர்களுக்கும் அதே கட்டு என்று என் புருஷன் எழுந்து நின்று வாசித்தபோது, நான் பெண்கள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அமலோருக்கு வலி கண்டது ஒரு மத்தியானத்தில். நர்ஸம்மாவைக் கூட்டிவரப் பக்கத்து ஊருக்குக் கிறிசாந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போயிருந்த அந்த ஒரு மணி நேரமும், தொழுவத்தில் தங்கத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் கிடந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. நாலு வீடு தள்ளி என் தங்கச்சி அலறியது எனக்குக் கேட்டது. நான் அடுக்களைக்குள் போய் மிக்ஸியைப் போட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் மிக்ஸி. அது சூடேறிக் கருகல் வாடை வருகிறவரைக்கும் ஓடவிட்டேன்.

நாற்பதாம் நாள் ஞானஸ்நானம். தனிஸ்லாஸ் சாமியார் ஊருக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, கட்டு, வழக்கு ஒன்றும் அவருக்குத் தெரியாது. இரண்டாம் பூசை முடிந்தும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. எதற்கு என்றால், அந்தப் பிள்ளைக்காக ஒருத்தரும் வாய் திறக்கப்போவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவதற்கு. நானும் போகவில்லை. அமலோரே பிள்ளையை ஏந்திக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள், கிறிசாந்து பின்னால் நின்றான்.

"ஞானத்தாய் எங்கம்மா?" என்று சாமியார் கேட்டார்.

அமலோர் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து என் புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமல் எனக்கு மட்டும் புரிகிற செருமல்.

பதில் வராததால், இந்த ஊர் வழக்கம் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு, சாமியார் புத்தகத்தைத் திறந்து பிள்ளையைப் பார்த்து, "விசுவசிக்கிறாயா?" என்று கேட்டார். கோயில் முழுக்க ஆள், ஒரு இருமல் இல்லை. நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாந்தரம் கேட்டார். உபதேசியார் சந்தியாகு சுவரைப் பார்த்துக்கொண்டார். மூன்றாந்தரம் கேட்டார், அந்தக் குரல் அடங்குவதற்குள் தெற்கு வாசலிலிருந்து, நாற்பது வயசுப் பெண்ணுக்குச் சளி பிடித்தால் வருகிற மாதிரி ஒரு கனத்த குரலில், நிறுத்தி, தெளிவாக, "விசுவசிக்கிறேன்" என்று தங்கம் சொன்னது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்நூறு பேரும் அப்படித்தான், எழுந்தவர்கள் எழுந்தபடி, உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடி. என் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்றைக் கையைவிட்டு உருவி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. முதலில் வாய் திறந்தவர் என் புருஷன்தான்.

"மாட்ட யாருலே கோயிலுக்குள்ள விட்டது?"

"உள்ள வரல மாமா, தல மட்டுந்தான் உள்ள இருக்கு" என்று கடைசி வரிசையில் யாரோ சொன்னார்கள்.

சாமியாரின் கையிலிருந்த கிண்ணத்துத் தண்ணீர் பாதி அங்கியில் கொட்டியிருந்தது. ஆனாலும் அவர் அமலோரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஞானத்தாய் பேரு?"

"தங்கம், சாமி."

மிச்சமிருந்த தண்ணீரை அவர் பிள்ளையின் தலையில் ஊற்றினார். பிறகு அமலோர் தெற்கு வாசலுக்குப் போய்ப் பிள்ளையைத் தங்கத்தின் முதுகில் கிடத்தி, ஒரு பக்கம் தானும் ஒரு பக்கம் கிறிசாந்துமாகப் பிடித்துக்கொள்ள, எங்கேயும் இறக்காமல், எங்கேயும் நிற்காமல், வழக்கப்படி தெருவழியே ஞானத்தாய் தன் பிள்ளையை வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

எருமை எப்படிப் பேசியது என்று ஊரில் யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை, அன்றைக்குச் சாயங்காலமே கூட்டம் போட்டாகிவிட்டது. அது பேசியதைக் கணக்கில் எடுக்கலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. செசீலி தின்ற பழத்தின் தோலை அதுதானே தின்றது, அப்படியானால் சம்மதத்தில் பாதி அதுக்கும் உண்டுதானே என்று சந்தியாகு உபதேசியார் சொன்னதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கடைசியில் என் புருஷன் எழுந்தார்.

"அவியளுக்காவ எவரு வாய் தொறந்தாலும் கட்டுன்னு ஊரு சொல்லியிருக்கு. கட்டுக்கு மனுசன், மாடுன்னு வித்தியாசம் கெடையாது. அதுக்கும் கட்டுதான்."

அப்படித்தான் ஒரு எருமையை ஊர் விலக்கி வைத்தது. அதன் பாலை யாரும் வாங்கக்கூடாது, அதனோடு யாரும் பேசக்கூடாது, அது ஊர்க்குளத்தில் இறங்கக்கூடாது. பிலோமினாளின் டீக்கடை அதுவரைக்கும் யாருக்கும் தெரியாமல் தங்கத்தின் பாலில்தான் நடந்துகொண்டிருந்தது என்பது அந்த வாரம் முழுக்க எல்லாரும் பாலில்லாமல் கட்டன் சாயா குடித்தபோதுதான் வெளியே வந்தது.

விலக்கி வைத்தோமே தவிர, அது தெருவில் வந்தால் எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. பேசக்கூடாதென்றுதான் கட்டு, மரியாதை கொடுக்கக்கூடாதென்று கட்டில்லை, அதனால் ஆண்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள், பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்கள், பிள்ளைகள் வாய்க்குள்ளேயே தோத்திரம் சொல்லிவிட்டு ஓடின. கார்த்திகைத் திருவிழா அசனத்தில் ஞானத்தாய்மார் பந்தியில் ஓர் இலை யார் போட்டதென்றே தெரியாமல் கிடந்தது, யாரும் அதை எடுக்கவும் இல்லை. மற்ற மிருகங்களையும் பார்த்தால் இப்போது ஒரு பயம். புருஷன் பெண்டாட்டிச் சண்டையை ஆட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்வதை நிறுத்தினார்கள். கோழி அடிக்கிறவர்கள் அதைக் கையில் பிடித்தபடி, ஏதாவது சொல்லப்போகிறதோ என்று ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள், அது ஒன்றும் சொல்லாவிட்டாலும் அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு அடிக்கக் கை வராமல் எத்தனையோ கோழிகள் அந்த வருஷம் பிழைத்துக்கொண்டன.

பிஷப் மேற்றிராணியார் அலுவலகத்துக்குப் பதிவேட்டின் நகல் போனது. தங்கம் என்ற ஞானத்தாய் உறுதிபூசுதல் என்ற சடங்கைப் பெற்றவரா, எந்தப் பங்குக் கோயிலில் பெற்றார் என்று கேட்டுக் கடிதம் வந்தது. விசாரித்துச் சொல்கிறேன் என்று சாமியார் பதில் போட்டார். அவர் மெலிந்துபோயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், மிருகங்களும் மனுஷனும் படைக்கப்பட்டது ஒரே ஆறாம் நாளில்தான், நமக்கும் அவைகளுக்கும் ஒரே பிறந்தநாள், நம்மைத் தனியாக விடக்கூடாதென்று ஆண்டவர் கூடவே துணைக்கு அனுப்பினவை அவை, துணைக்கு வந்ததைத் தெருவில் நிறுத்தியிருக்கிறோம், கட்டை எடுத்துவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டார். கோயில் காரியம் உங்களுக்கு, ஊர்க் காரியம் எங்களுக்கு என்று என் புருஷன் பூசை முடிந்து வெளியே வந்து சொல்லிவிட்டார்.

தங்கம் அதற்குப்பிறகு ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் சாயங்கால மணி அடித்ததும் அமலோர் வீட்டு முற்றத்தில் பிள்ளை கிடக்கிற தூளிக்குப் பக்கத்தில் போய் நின்று, தாழ்ந்த குரலில் ஒருதரம் கத்தும். பிள்ளை அந்தக் குரலுக்குக் காலை உதைத்துச் சிரிக்கும். நான் என் மாடியில் துணி எடுக்கிற மாதிரி நின்று தினமும் பார்ப்பேன். பார்த்துப் பார்த்துப் பொறாமையில் வெந்தேன். ஒரு எருமையின் மேல் பொறாமை, வெளியே சொல்ல முடியுமா?

மழைக்காலத்தில் கட்டு பெரிதாகத் தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் தண்ணீர். பங்குனி பிறந்து, சித்திரையும் வந்து, ஊரில் கிணறெல்லாம் வற்றி, லாரிகள் தோண்டிய அந்த ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதைச் சுற்றி முள்வேலி போட்டு, படலுக்குப் பூட்டும் போட்டிருந்தார்கள், சாவி எங்கள் வீட்டில் காலண்டர் ஆணியில் தொங்கியது. மற்ற மாடுகளுக்கு இரண்டு வேளை திறந்துவிடுவார்கள். எருமைக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் இருந்தால் போதாது, அதில் கிடக்கவும் வேண்டும், கிடக்காவிட்டால் அந்த வெயிலில் தோல் வெடிக்கும். அமலோர் வீட்டுக் கிணற்றில் அடியில் ஒரு குடம், இரண்டு குடம் ஊறும், அதைப் பிள்ளைக்குக்கூட வைக்காமல் தங்கத்தின் முதுகில் ஊற்றுவாளாம்.

ஒருநாள் காலையில் என் பின்வாசலில் வந்து நின்றாள். பத்து மாதத்துக்குப் பிறகு அவளை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன்.

"யக்கா, சாவியத் தா. ஒரு நேரம் முங்கிட்டு வரட்டும். தோலு பாளம் பாளமா வெடிச்சிருக்கு, யக்கா, பாக்கச் சகிக்கல."

சாவி எனக்குப் பின்னால் ஆறடியில் தொங்கியது. "அவிய வரட்டும்ளா" என்றேன். "கேட்டுட்டுத் தாரேன்."

அவள் போய்விட்டாள். அவர் வந்தபோது கேட்டேன். "கட்டுன்னா கட்டுதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார், நானும் பரிமாறினேன். மறுநாளும் சாவியைப் பார்த்தேன். மூன்றாம் நாள் விடிந்ததும் என்னால் தாங்க முடியவில்லை, ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு குளத்துக்கு ஓடினேன். தங்கம் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, வேலிக்கு இந்தப் பக்கம், மூக்கு முள்ளுக்குள் இருக்க, தண்ணீரைப் பார்த்தபடி செத்துக் கிடந்தது. கண் திறந்திருந்தது. முதுகு முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் ஈ. நான் பூட்டைத் திறந்து படலைத் தள்ளிவிட்டேன். எதற்குத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, திறந்துவிட்டு அங்கேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

துக்கமணி அடிக்கலாமா என்று சந்தியாகு உபதேசியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, சாமியாரே போய்க் கயிற்றைப் பிடித்து, பெண் செத்தால் எத்தனை அடிப்போமோ அத்தனையும் அடித்தார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, சுவரை ஒட்டி, கிறிசாந்தும் சாமியாருமாகக் குழி வெட்டினார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அங்கே வந்துவிட்டது, கட்டு இருந்ததால் இருபதடி தள்ளி நின்றது. அழக்கூடாதென்றும் யாரும் சொல்லவில்லை, அதனால் பிலோமினாள் அழுதாள், பிறகு ஒவ்வொருத்தராக.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. பிள்ளை வளர்ந்து முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு முன்னால் ஞானத்தாய் செத்துப்போனால், குழி மூடுவதற்குள் வேறொருத்தி முன்வந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அப்புறம் எந்தக் காலத்திலும் ஞானத்தாய் கிடையாது. சாமியார் குழி ஓரத்தில் நின்றார். அமலோர் இடுப்பில் பிள்ளை இருந்தது. இந்தத் தடவை அமலோர் என்னைப் பார்க்கவில்லை, குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசுவசிக்கிறாயா?" என்று சாமியார் கேட்டார்.

நான் கூட்டத்திலிருந்து நடந்தேன். "செசீலி" என்று என் புருஷன் மெதுவாகக் கூப்பிட்டது காதில் விழுந்தது. இருபதடியும் நடந்து குழிக்குப் பக்கத்தில் போய் நின்று, பத்து மாதமாக நெஞ்சுக்குள் உருட்டி உருட்டிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தேன். எருமைக் கத்தல் வந்தது.

அடிவயிற்றிலிருந்து, தாழ்ந்து, நீண்டு, கல்லறைச் சுவரில் மோதித் திரும்பியது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பின்னால் யாரோ "யேசுவே" என்றார்கள். சாமியார் இரண்டாந்தரம் கேட்டார். திரும்பவும் அதுதான் வந்தது. மூன்றாந்தரமும் அதேதான். அந்த ஒரு சொல் இன்றுவரை எனக்கு வரவில்லை. மற்றச் சொல் எல்லாம் வருகிறது, வசவுகூட வக்கணையாக வருகிறது, அது மட்டும் வராது, அது என்னிடம் இல்லை, வேண்டியபோது நான் சொல்லாமல் போட்டதை எடுத்துச் சொன்னவளோடு அது குழிக்குள் போய்விட்டது.

என் புருஷன் இருபதடியைத் தாண்டி வந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, பயத்தில் உப்பிப்போய் இருந்தது. ஊரைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் எனக்காகத்தான் பேசினார்.

"இது பதில்ல சேராது. மாடு கத்துதது பதிலாவுமா? எம் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லல. எல்லாரும் கேட்டீயல்லா, ஒண்ணும் சொல்லல."

"சொன்னேன்" என்றேன்.

"ஏளா, சும்மா கெட."

"அன்னைக்கு மாடு மனுசி பேச்சப் பேசிச்சு, கட்டுப் போட்டிய. இன்னைக்கு மனுசி மாட்டுப் பேச்சப் பேசுதேன். அதே கட்டப் போடுங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அவரால் அதற்குமேல் நிற்க முடியவில்லை, உட்காரவும் அங்கே இடம் இல்லை. அப்போதுதான் பிள்ளை அசைந்தது. அமலோர் இடுப்பிலிருந்து திரும்பி, நான் கத்திய திசையைத் தேடி, கண்டுபிடித்து, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக் காலை உதைத்துச் சிரித்தது. என்னை அதற்கு யாரென்றே தெரியாது. அமலோர் என்னைப் பார்த்தாள், அவள் கண்ணில் மன்னிப்பு இருந்தது என்றெல்லாம் நான் பொய் சொல்லமாட்டேன், பிள்ளை தாவியது, அவள் விட்டாள்.

தூக்கிக்கொண்டேன். சாமியார் குழியில் முதல் பிடி மண்ணைப் போட்ட சத்தம் கேட்டது. வழக்கப்படி எங்கேயும் இறக்காமல் தெருவழியே நடந்தேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது, யாரும் பேசவில்லை, நான் இனிமேல் ஊர் பேசக்கூடாதவள். ஆனால் ஆண்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள், பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பிள்ளை என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று என் வாய்க்குள் கையை விட்டுத் தேடியது. தேடட்டும் என்று அமலோர் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் வாயைத் திறந்தே வைத்திருந்தேன்.